மூன்றாவது குப்பி

ஆகஸ்ட் 18

அன்பு அக்காவுக்கு,

பிஸ்கட் கருகியபோது அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நலம் விசாரிக்கும் முன்பே இதை எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் மூன்று வேளையும் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி எழுகிறோம். அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் ஆகிறது. அப்பா லாரியோடு போய்ப் பதினோரு நாள். உன் கால்வலி எப்படி இருக்கிறது? வார்டில் உட்கார நாற்காலி கொடுக்கிறார்களா?

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு தட்டு பிஸ்கட்டை ஓவனில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே முக்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கேயே கருகல் வாசனை வந்தது. ஓடி வந்தால் ஓவன் கதவின் இடுக்கில் புகை. அம்மா இரண்டடி தூரத்தில் பீன்ஸின் நாரை உரித்துக்கொண்டிருக்கிறாள். நான் கதவைத் திறந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

“ஏதோ யோசனைல இருந்துட்டேன்டி” என்றாள். கருகியதைத் தட்டோடு எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினாள். அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
பூனை


ஆகஸ்ட் 30

என் பூனைக்கு,

கால்வலி போய்விட்டது, இப்போது இடுப்புவலி வந்திருக்கிறது. வார்டில் நாற்காலி இருக்கிறது, அதில் எப்போதும் பெரிய நர்ஸ் உட்கார்ந்திருக்கிறார். மற்றபடி நன்றாகவே இருக்கிறேன். ஜனவரியில் நர்ஸிங் கடைசிப் பரீட்சை, அதற்குத்தான் இன்னும் பாதிப் பாடம் படிக்காமல் கிடக்கிறது.

வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள் என்று ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தையே விட்டவள் நீ. போனைக் காதில் வைத்தால் “ம்” தவிர வேறு சத்தம் வராது. கடிதத்தில் மட்டும் ஒரு தட்டு பிஸ்கட்டுக்கு ஒரு பக்கம்! எழுது, எழுது. போன் அம்மா கையில் இருக்கும்வரை எனக்கு உண்மை தெரிவது உன் கடிதத்தில்தான்.

அம்மா பிஸ்கட்டைக் கருக விட்டாள் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. நான் பக்கத்துத் தெருவில் நின்று யாரோ வாங்கித் தந்த ஐஸ்கிரீம் தின்றுவிட்டு வந்தால் வாசலிலேயே “ஸ்ட்ராபெரியா?” என்று கேட்டவள் அவள். காய்ச்சலுக்குப் பிறகு பசி எடுக்கிறதா? சாப்பாடு ருசிக்கிறதா? கேட்டு எழுது.

அத்தையை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


செப்டம்பர் 20

அன்பு அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே ஒரு குறையும் இல்லை. உன் இடுப்புவலிக்கு அத்தை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார்.

அம்மாவுக்குப் பசி எடுக்கிறது.

விடுதிச் சமையலறையில் அம்மா இப்போது என்னைக் காய் நறுக்க விடுவதில்லை. அடுப்புப் பக்கத்தில், தன் வலது கைப் பக்கமே நிறுத்திக்கொள்கிறாள். போன வாரம் ஒரு கேன் பால் கெட்டிருந்ததைக் கொதிக்க வைக்கும் முன்பே கண்டுபிடித்தோம். வார்டன் அம்மா, “நூத்தம்பது பிள்ளைங்க வயித்தைக் காப்பாத்தினீங்க” என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். ஜனவரியில் புதிய கட்டடத்துச் சமையலறையைத் திறக்கிறார்கள். அதற்கு அம்மாவைத் தலைமைச் சமையல்காரியாகப் போட நினைக்கிறாராம். அம்மா அன்று முழுவதும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. கொடியில் துணி காய்வதே இல்லை.

உன்
பூனை


அக்டோபர் 6

என் தங்க மகளுக்கு அம்மா எழுதுவது.

கடவுள் புண்ணியத்தில் நான் கல்லு மாதிரி இருக்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. கண்விழித்துப் படிக்காதே, விடியலில் எழுந்து படி.

ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு நீ வருவாய் என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். வழக்கம்போல டிசம்பர் இருபத்தேழாம் தேதி நம் வீட்டில் பிஸ்கட், கேக் சுடுவோம். அத்தை வருவார், எதிர் வீட்டு இரட்டையர் வருவார்கள், போன வருடம் போல மாவைத் தலையில் கொட்டிக்கொள்வார்கள். இந்த முறை வார்டன் அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன். “உங்க கைமணத்தை வீட்லயும் பார்த்துடறேன்” என்று சொல்லியிருக்கிறார். எட்டு டப்பா பிஸ்கட், நான்கு கேக். வெண்ணெயும் வெனிலாவும் சேர்ந்து வீடே மணக்கும். இப்போது நினைத்தாலும் மூக்கில் வந்து நிற்கிறது.

உன் தங்கை ஏதாவது உளறி எழுதினால் நம்பாதே. அவள் பயந்தாங்கொள்ளி, கரப்பான் பூச்சியைப் பார்த்தாலே பக்கம் பக்கமாக எழுதுவாள்.

ஆசியுடன்
அம்மா


அக்டோபர் 25

பூனைக்கு,

அம்மாவின் கடிதத்தை நாலு முறை படித்துவிட்டேன். நீ எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். சாப்பாடு ருசிக்கிறதா என்று கேட்டேன், பசி எடுக்கிறது என்று எழுதியிருக்கிறாய்.

இந்தப் பார்சலில் மூன்று பழுப்புக் குப்பிகள் இருக்கின்றன. மருந்துக் குப்பிதான், கழுவிக் காயவைத்தது. கேக்கில் விடும் எசென்ஸ், நிறமில்லாதது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஒட்டியிருக்கிறேன். அம்மாவை விரலில் ஒரு சொட்டு விட்டு முகர்ந்து பார்க்கச் சொல். எது பிடித்தது என்று அவளே சொல்லட்டும், நீ வாயைத் திறக்காதே (அது உனக்குக் கஷ்டமே இல்லை). சொன்னதை எனக்கு எழுது. போனில் கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுவாள்.

லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பெரிய நர்ஸ் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

உனக்கு ஒரு சிவப்பு ரிப்பன் வைத்திருக்கிறேன். தலையில் கட்டு, மாவு டப்பாவுக்குக் கட்டாதே.

அக்கா


நவம்பர் 9
(அனுப்பாதது)

அக்கா,

இதை நான் அனுப்பப் போவதில்லை. அதனால் நலம் விசாரிக்கவில்லை.

அம்மாவுக்கு வாசனை தெரியவில்லை. காய்ச்சல் போனபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது. உப்பும் சர்க்கரையும் நாக்குக்குத் தெரிகிறது. மற்றதெல்லாம் “தண்ணில நனைச்ச பஞ்சு மாதிரி இருக்குடி” என்கிறாள். பிஸ்கட் கருகிய அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்து, குளியலறையில் அம்மா சோப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். கதவைச் சாத்த மறந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை. “மூச்சு விடக் கூடாது, யார்கிட்டயும்” என்றாள். “முக்கியமா அக்காகிட்ட. அவ பரீட்சையைத் தூக்கிப் போட்டுட்டு மூட்டையோட வந்து நிப்பா. வாசனை தெரியாத சமையக்காரிய எந்த விடுதில வச்சுக்குவாங்க? சொல்லு. சத்தியம் பண்ணு.”

பண்ணிவிட்டேன்.

இப்போது நான்தான் அம்மாவின் மூக்கு. அவளே அப்படித்தான் கூப்பிடுகிறாள், “என் மூக்கு எங்கே, வா இங்கே” என்று. பால், எண்ணெய், முட்டை, மீன் எல்லாவற்றையும் முதலில் நான் முகர்வேன். நன்றாக இருந்தால் அவளது ஏப்ரன் நாடாவை ஒரு முறை இழுப்பேன். கூடாது என்றால் இரண்டு முறை. பேச வேண்டியதில்லை. எனக்குப் பேச வராது என்பதால் இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று அம்மா சிரித்தாள். அந்தப் பால் கேனில் இரண்டு முறை இழுத்தது நான்தான்.

தலை வாரி முடித்ததும் அம்மா என் உச்சந்தலையை முகர்வாள் அல்லவா, இப்போதும் முகர்கிறாள். அப்புறம் சீப்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறாள்.

உன் குப்பிகள் நேற்று வந்தன. அம்மா மூன்றையும் விரலில் விட்டு முகர்ந்தாள். மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு, “இதுதான் பிரமாதம். அவ எப்பவும் கடைசிலதான் நல்லதை வைப்பா” என்றாள். நான் அதை வாங்கி முகர்ந்தேன். தண்ணீர்.

அப்போதுதான் நீ எதற்கு அனுப்பினாய் என்று புரிந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

“முதல் குப்பின்னு எழுது” என்றாள்.

அக்கா, வேலையை நினைத்து எனக்குப் பயமில்லை. நான் துணி எடுத்து வரப் போயிருக்கும் நேரத்தில், கடைக்குப் போயிருக்கும் நேரத்தில், அம்மா அந்தப் பழைய கேஸ் ஓவனோடு தனியாக இருக்கிறாள். அதை நினைத்துத்தான் பயம். இரண்டு மாதமாக நான் எங்கே போனாலும் ஓடியே திரும்பி வருகிறேன்.


நவம்பர் 10

அன்பு அக்காவுக்கு,

உன் பார்சல் உடையாமல் வந்து சேர்ந்தது. நாங்கள் நலம்.

அம்மாவுக்கு முதல் குப்பி பிடித்தது.

ரிப்பன் மிகவும் நீளமாக இருக்கிறது, நன்றி.

உன்
பூனை


டிசம்பர் 4

என் பூனைக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், வார்டில் நிற்க நேரமில்லை. எல்லோருக்கும் சளிக் காய்ச்சல். நான் நன்றாக இருக்கிறேன்.

அப்பாடா! உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அம்மாவிடம் சொல்லி என்னை அடி வாங்க வைக்காதே. முதல் குப்பி நல்ல வெனிலா. இரண்டாவது மட்டமான ஆரஞ்சு. மூன்றாவதில் இருந்தது வெறும் தண்ணீர். இங்கே ஒரு நோயாளி, காய்ச்சலுக்குப் பிறகு வாசனையே தெரியவில்லை என்று அழுதார். அதிலிருந்து அந்தக் கருகிய பிஸ்கட் என் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அம்மா சரியாக வெனிலாவை எடுத்துவிட்டாள் அல்லவா, அது போதும்.

இன்னொரு விஷயம், திட்டாதே. என் அறைத்தோழியின் அண்ணனுக்குக் கல்யாணம், அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவை நினைத்துத்தான் அவசரமாக வர இருந்தேன். இப்போது அந்த அவசரம் இல்லையே, என் லீவை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். பரீட்சை முடிந்து வருகிறேன். எனக்கு ஒரு டப்பா எடுத்து வை. முதல் தட்டில் அம்மா பிஸ்கட்டை உடைத்து முகர்ந்து “ஆச்சு” என்று சொல்வாளே, அதை நான் இங்கிருந்தே கேட்டுக்கொள்வேன்.

அக்கா


டிசம்பர் 12

அக்கா,

லீவைத் திரும்ப வாங்க முடியுமா? வாங்க முடியாது என்றால் பரவாயில்லை. சும்மா கேட்டேன்.

எங்களுக்கு ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் மூக்கு லேசாக அடைக்கிறது.

பூனை


டிசம்பர் 20

பூனைக்கு,

அறைத்தோழி நேற்றே கிளம்பிவிட்டாள். என்னடி, என்னைப் பார்க்காமல் ஏங்குகிறாயா? இருபது நாள்தான். மூக்கடைப்புக்கு ஆவி பிடி. வேலைக்கு நடுவில் எழுதுகிறேன், அதனால் இவ்வளவுதான்.

அக்கா


டிசம்பர் 29

அன்பு அக்காவுக்கு,

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. உன் மனம் பதறாமல் இருக்க இதை முதலில் எழுதுகிறேன். அப்பா நேற்று லாரியோடு பத்திரமாக வந்து சேர்ந்தார், முதுகு வலி என்று படுத்திருக்கிறார். நீ நன்றாக இருக்க வேண்டும்.

இருபத்தேழாம் தேதி எனக்கு மூக்கு முழுவதும் அடைத்திருந்தது. மூன்று நாளாக ஆவி பிடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. காலையில் அம்மாவிடம் சொன்னேன். “இன்னிக்கு ஒரு நாள்தானே, எல்லாம் புதுச் சாமான், என்ன ஆகப் போகுது” என்றாள்.

ஓவனைச் சூடாக்கப் பற்றவைத்துவிட்டு நாங்கள் இருவரும் மேசையில் மாவு பிசைந்துகொண்டிருந்தோம். குளிருக்காக ஜன்னலைச் சாத்தியிருந்தோம். பின்கதவு மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது, அதையும் அம்மா சாத்தினாள். கால் மணி நேரம் கழித்து அம்மா ஓவனுக்குள் கையை நீட்டிப் பார்த்தாள். “சூடே இல்ல. அணைஞ்சிடுச்சு போல. என் கையெல்லாம் மாவு, நீ பத்த வை” என்றாள். நான் தீப்பெட்டியை எடுத்தேன். குச்சியையும் எடுத்தேன். அக்கா, குச்சி பெட்டியின் மேல் இருந்தது.

அப்போது வாசல் கதவு திறந்தது. “ஏய், என்ன நாத்தம் இது! கேஸுடி! கீழ போடு அதை!” என்று அத்தை அலறினார். தையல் பை ஒரு பக்கம், டப்பாக்கள் ஒரு பக்கம் பறந்தன. ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டார். சிலிண்டரை மூடினார், ஜன்னல்களைத் திறந்தார், எங்கள் இரண்டு பேரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாகத் தெருவுக்குக் கொண்டு போனார். மாவுக் கையோடு தெருவில் நின்றோம். இரட்டையர் அவர்கள் வீட்டு ஜன்னலில் இருந்து கைதட்டினார்கள், ஏதோ விளையாட்டு என்று.

“தெரு முனை வரைக்கும் அடிக்குது, உள்ள உக்காந்திருக்கீங்களே ரெண்டு பேரும்!”

“இவளுக்கு மூக்கடைப்பு அண்ணி” என்றாள் அம்மா.

“அவ மூக்கு அடைச்சா உனக்கென்ன வந்துச்சு?”

அம்மா கையில் ஒட்டிய மாவைச் சுரண்டினாள். “எனக்கும்தான்” என்றாள். அத்தை அம்மாவின் முகத்தையே பார்த்தார். அம்மா தும்மவில்லை, குரல் கட்டவில்லை, மூக்கு சிவக்கவில்லை. அத்தை கீழே சிதறிய டப்பாக்களைப் பொறுக்கப் போனார்.

நிறுத்திவிடலாம் என்று அம்மாவின் கையைப் பிடித்தேன். “வார்டன் அம்மா வர நேரம்” என்று உதறிவிட்டாள். வீடு காற்றாடிய பிறகு அத்தையே ஓவனைப் பற்றவைத்தார். அதன் பிறகு அதைவிட்டு நகரவே இல்லை. இரட்டையர் வந்தார்கள். ஒருவன் நட்சத்திரம் வெட்டினான், மற்றவன் அதைத் தின்றான். வார்டன் அம்மா புதுச் சேலையில் மாவு படாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

முதல் தட்டு வந்தது. வழக்கம்போல யாரும் தொடவில்லை. அம்மா ஒன்றை உடைத்து மூக்கருகே கொண்டுபோனாள். நான் அவள் பின்னால் நாடாவைப் பிடித்தபடி நின்றேன். எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. ஒரு முறை இழுப்பதா, இரண்டு முறை இழுப்பதா? அம்மா உடைத்த துண்டைப் பிடித்தபடி காத்திருந்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். நான் நாடாவை விட்டுவிட்டேன்.

“ஆச்சு” என்றாள் அம்மா.

வார்டன் அம்மா ஒரு கடி கடித்தார். மென்றார். மீதியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். இரட்டையரில் சின்னவன், “உவ்வே, பழைய எண்ணெய் நாத்தம்” என்று துப்பிவிட்டான். வால்நட் கெட்டுப்போய்ச் சிக்கு வாடை பிடித்திருந்தது. புதுச் சாமான் என்று நினைத்த பொட்டலம் போன வருடத்தது. அம்மா அதை மாவில் போடும் முன்பு என்னிடம் நீட்டினாள். மூக்கடைப்போடு, பழக்கத்தில் சரியென்று தலையை ஆட்டியது நான்தான்.

“நீங்களா இதை ‘ஆச்சு’ன்னு சொன்னீங்க?” என்று வார்டன் அம்மா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் மோசம். போகும்போது, “விடுமுறை முடியட்டும், வந்து என்னைப் பாருங்க” என்றார்.

அம்மா இரண்டு நாளாக ஓவனைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். என்னை “மூக்கு” என்று கூப்பிடுவதில்லை. நேற்று மட்டும், “ஏன்டி விட்டுட்ட?” என்று கேட்டாள். நான் துணி வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன்.

அக்கா, நீ அனுப்பியவற்றில் அம்மா எடுத்தது முதல் குப்பி இல்லை. மூன்றாவது. முதல் என்று எழுதியது நான். அதனால்தான் நீ லீவைக் கொடுத்துவிட்டாய். மற்றதெல்லாம் நவம்பரில் எழுதி அனுப்பாமல் வைத்த கடிதத்தில் இருக்கிறது, அதையும் இதோடு வைக்கிறேன். நீ பரீட்சையை எழுதிவிட்டு வா. ஆனால் தெரிந்துகொண்டு எழுது.

உன்
பூனை

இதை மடித்தபோது அம்மா வந்து நின்றாள், கையில் ஓவன் துடைத்த துணியோடு. மறுபடியும் பிரித்து இதை எழுதுகிறேன்.

“அக்காவுக்கா?” என்றாள்.

“ம்.”

“எல்லாம் நல்லபடியா நடந்துச்சுன்னு எழுதிட்டியா?”

நான் இன்னும் இதோடு சேர்க்காமல் மாவு டப்பாவுக்கு அடியில் ஒளித்திருந்த நவம்பர் கடிதத்தை எடுத்தேன். வகுப்பில் நிற்கச் சொல்வார்களே, அப்படி எழுந்து நின்றேன். தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து அம்மாவுக்குச் சத்தமாக வாசித்தேன்.